தவணை வாங்கும் இடத்தில் வேலை, வாடகை வீட்டில் குடித்தனம்

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்கள், படிவம் எல்லாம் நிரப்பிக் கையெழுத்தும் போட்டு முடித்த பிறகு, என்னிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்கள். "மேடம், உங்க வீடு எங்க?" மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, ஆனால் நான் குடியிருப்பது நங்கநல்லூரில், வாடகைக்கு என்று சொன்னதும் பேனாவுக்கு மூடி போடப் போனவர் அப்படியே நிறுத்திவிடுவார். ஒருவர் "அப்போ நான் வாங்கறது தப்பா மேடம்?" என்றே கேட்டுவிட்டார். பின்னால் நாலு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அதற்குப் பதில் சொல்லி மாளாது. இங்கே சொல்லலாம்.

எங்கள் கதை சின்னதுதான். 2014-இல் மேடவாக்கத்தில் 950 சதுர அடியில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்கினோம். அப்போது கணவருக்கு சோழிங்கநல்லூரில் வேலை. சில வருடம் கழித்து அவருடைய அலுவலகம் கிண்டிக்கு மாறியது. அப்பா காலமாகி அம்மா நங்கநல்லூரில் தனியானார். மகளுக்கும் பள்ளி மாற்ற வேண்டிய நேரம். எல்லாமாகச் சேர்ந்து எங்களை ஒரே பக்கம் இழுத்தன. அம்மாவின் வீடு ஒற்றைப் படுக்கையறை. நாங்களும் அதில் போய் அடைய முடியாது. மேடவாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்துவிட்டோம். ஆகவே மாதம் 5-ஆம் தேதி எனக்கு வாடகை வரும். அன்றைக்கே நானும் ஓனர் அம்மாவுக்கு வாடகை அனுப்புவேன். ஹவுஸ் ஓனர் பண்ணும் அழிச்சாட்டியம், குடித்தனக்காரர் பண்ணும் அழிச்சாட்டியம் இரண்டும் எனக்கு அத்துப்படி. சில மாதங்களில் இரண்டையும் நானே பண்ணியிருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அதுதான் எனக்குக் கை வந்த வேலை.

இப்போது நான் குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி, முதல் மாடி, கார் நிறுத்த இடம் உண்டு. வாடகை 25,000. இதே கட்டடத்தில் போன வருடம் ஒரு ஃபிளாட் 1 கோடிக்குக் கைமாறியது. அதாவது வருட வாடகை 3 லட்சம், வீட்டு விலையில் 3 சதவிகிதம். சென்னையில் பெரும்பாலான இடங்களில் இதை ஒட்டித்தான் நிற்கும்.

35 வயதுக்காரர் ஒருவர் இதை வாங்க வருகிறார் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 1 கோடி ரூபாய் வீட்டுக்கு 75 லட்சத்துக்கு மேல் கடன் தர முடியாது. மீதி 25 லட்சம் கைக்காசு. அதோடு தீரவில்லை. பழைய வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். 1 கோடிக்கு 9 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. (புது ஃபிளாட்டின் முதல் விற்பனை என்றால் தீர்வை கொஞ்சம் குறைவு: 50 லட்சம் வரை 4, அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவிகிதம். பதிவுக் கட்டணம் அதே 2.) ஆக 34 லட்சம் கையில் வேண்டும். புரோக்கர் கமிஷன், அலமாரி, கிரில், கிரகப்பிரவேசச் சாப்பாடு எல்லாம் தனி.

கடனுக்கு 8 சதவிகித வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 62,700 சொச்சம். முதல் மாதத் தவணையில் 50,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 12,700தான். "வாடகை கொடுத்தா காசு போனா போனதுதான் மேடம், இஎம்ஐ கட்டினா வீடாவது மிஞ்சும்" என்று சொல்லாத ஆளே கிடையாது. அந்த 50,000-மும் போனா போனதுதான் என்று நான் சொன்னால் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. எங்கள் மேனேஜருக்கும் பிடிக்காது.

அந்த 34 லட்சத்தை வீட்டில் போடாமல் ஆறரை சதவிகிதத்துக்கு டெபாசிட் போட்டால் வரி போவதற்கு முன் மாதம் 18,400 வரும். 25,000 வாடகைக்குக் கையிலிருந்து 6,600 சேர்த்தால் போதும். வாடகை ஏறுமே என்பீர்கள். ஏறும். வருடத்துக்கு 5 சதவிகிதம் ஏறினால்கூட, 25,000-இல் தொடங்கிய வாடகை அந்த 62,700 தவணையைத் தாண்ட 19 வருடம் ஆகும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் வீடே வாங்கக் கூடாது. யூடியூபில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசும் தம்பிகள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். வாடகைக்கு இரு, மிச்சம் 37,700-ஐ மாதாமாதம் எஸ்ஐபியில், அதாவது மியூச்சுவல் ஃபண்டில், போடு என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்த மிச்சத்தை 20 வருடம் விடாமல் போட்டவர் யார்? என் மேஜைக்கு வரும் வங்கிக் கணக்கு அறிக்கைகளில் எஸ்ஐபி தொடங்கியதும் தெரியும், எட்டாவது மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக நின்றுபோனதும் தெரியும். தவணை மட்டும் நிற்காது. நிறுத்தினால் நாங்கள் போன் பண்ணுவோம், கடிதம் அனுப்புவோம், அப்புறம் ஆளும் வரும். அந்தக் காலத்தில் அம்மாக்கள் சீட்டுப் போட்டது மாதிரிதான் இது: எடுத்த பிறகும் கட்டித்தான் ஆக வேண்டும், அதனால்தான் சேர்ந்தது. எங்கள் மேடவாக்கம் ஃபிளாட் மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பணம் இன்று எங்களிடம் இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். கார் மாற்றியிருப்போம். இரண்டு தடவை மாற்றியிருப்போம்.

கடனில் இன்னொரு விஷயம், வாங்குகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. 2021-இல் 6.7 சதவிகிதத்துக்கு வீட்டுக் கடன் கிடைத்தது. 40 லட்சம், 20 வருடம் என்றால் தவணை 30,300. ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, அப்போது 4 சதவிகிதம். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ஏற்ற ஆரம்பித்து, 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆக்கிவிட்டது. கடன் வட்டியும் கூடவே இரண்டரை சதவிகிதம் ஏறி 9.2. பாக்கி அசல் 38.7 லட்சம் என்றால் வட்டி மட்டுமே 29,700-ஐத் தொடும். 30,300 கட்டினால் அசலில் 600 ரூபாய் கழியும். அதே தவணையைக் கட்டிக்கொண்டே போனால் கடன் முடிய 40 வருடத்துக்கு மேல் ஆகும். பல பேருக்குத் தவணைத் தொகை மாறாமல் காலம் மட்டும் நீண்டதால், அவர்களுக்கு இது தெரியவே இல்லை. வேறு எதற்கோ ஸ்டேட்மென்ட் எடுக்க வந்தவர், கடைசித் தவணை தேதியைப் பார்த்துவிட்டு "பிரிண்ட் தப்பா வந்திருக்கு மேடம்" என்றார். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2025-இல் வட்டி மறுபடி இறங்கி, டிசம்பரில் ரெப்போ 5.25-க்கு வந்தது. உங்கள் கடன் எந்த வருடம் முடிகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபர்களுக்கு 2012-இலிருந்தே அபராதம் கிடையாது. 8 சதவிகித, 20 வருடக் கடனுக்கு வருடம் ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தால் மூன்று வருடத்துக்கு மேல் குறையும்.

வரிச் சலுகைக்காக வீடு வாங்குகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியிருக்கும் வீட்டின் வட்டியில் 2 லட்சம் வரை கழிப்பது பழைய வரி முறையில்தான். புதிய முறைக்குப் போனால் அதுவும் கிடையாது, வாடகைப் படிக் கழிவும் கிடையாது. அதையும் விட, 2 லட்சம் வரிக் கழிவுக்காக 6 லட்சம் வட்டி கட்டுவது என்ன கணக்கோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

சரி, பணக் கணக்கு இவ்வளவுதான். வாடகை வீட்டில் உண்மையான கஷ்டம் பணத்தில் இல்லை, எதற்கெடுத்தாலும் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருப்பதில்தான்.

வீடு தேடும் நாளிலேயே இது ஆரம்பித்துவிடும். புரோக்கர் போனில் முதலில் கேட்பது "நீங்க என்ன ஆளுங்க?" நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர் "வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" என்பார். என்னைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஒரு முஸ்லிம் தோழி, டூலெட் போர்டு தொங்கும் வீட்டுக்குப் போன் செய்து, பேர் சொன்னதும் "இப்பத்தாங்க ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்தாங்க" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கணவருடைய தூரத்து உறவினர் வீட்டு மாடிக்குப் போனார். போர்டு மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே தொங்கியது.

குடி வந்த பிறகு ஆணி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் முந்தைய வாடகை வீட்டில் சாமி படத்துக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என்று ஓனரே வந்து இடம் காட்டினார். விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச்சு வரும். சப்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குவார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓனருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் மாதிரி இருக்கும். காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வார்கள். அடுத்து வருகிறவருக்கு அந்தப் பெயிண்ட் அடித்தார்களா என்று கேட்கக் கூடாது.

சட்டம் ஒன்று இருக்கிறது. 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் இப்போதைய வீட்டுக்கு ஆறு மாதம் கொடுத்திருக்கிறேன். அதற்கே ஓனர் அம்மா ரொம்ப நல்லவர் என்று பேர். பேரம் பேச ஒரு வழி சொல்கிறேன்: ஆடியில் தேடுங்கள். யாரும் ஆடியில் குடி போக மாட்டார்கள், வீடு பூட்டியே கிடக்கும். ஆடியில் பார்த்து, அட்வான்ஸைக் குறைத்துப் பேசி, ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.

ஆணியும் மோட்டாரும் சின்ன விஷயம். எரிச்சலோடு போய்விடும். எங்கள் கிளையில் கேஷ் கவுன்ட்டரில் இருந்த ஓர் அண்ணனுக்கு நடந்தது அப்படி இல்லை.

அவர் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் பல வருடமாக வாடகைக்கு இருந்தார். அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பையன்கள். கீழே ஓனர் குடும்பம். நல்ல பழக்கம், தீபாவளிப் பலகாரம் மேலும் கீழும் போய் வரும். அவருடைய அம்மா ஒரு நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, விடியற்காலையில் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லலாம் என்று ஓனருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் துக்கம் விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இங்க வெச்சுடாதீங்க. அடுத்த மாசம் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம்" என்றாராம்.

அண்ணன் சண்டை போடவில்லை. அந்த நேரத்தில் யார் போடுவார்கள்? ஆம்புலன்ஸைப் பம்மலில் இருந்த தங்கை வீட்டுக்குத் திருப்பிவிட்டார். அது மச்சானின் சொந்த வீடு. பந்தல் அங்கேதான் போட்டார்கள். நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு குரோம்பேட்டை வீட்டுக்குப் போய், பூட்டியிருந்ததைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு பம்மலுக்குப் போனோம். கூட இருந்து பார்த்துக்கொண்ட மகன், மச்சான் வீட்டு வாசலில் ஒரு விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியமும் அங்கேதான்.

ஒரு வருடத்துக்குள் கூடுவாஞ்சேரியில் சின்னதாக ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு, கடன் ஃபைலோடு என் மேஜைக்கு வந்தார். நான் வழக்கம்போலக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வட்டி இவ்வளவு, போக்குவரத்துச் செலவு இவ்வளவு, தினமும் ரயிலில் இவ்வளவு நேரம், பையன்கள் படிப்பு முடிய இன்னும் வருடம் இருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாமே அண்ணே என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அப்பாவுக்கு ஒரு இடம் வேணும்ல மேடம்" என்றார். நான் ஃபைலை எடுத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி ஓனர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த மனிதருக்கு அவருடைய பெண்ணின் நிச்சயதார்த்தம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவிலும் எழுதாத இந்த மாதிரி விஷயங்களுக்கு எந்த வாடகை அதிகாரியிடமும் போக முடியாது. வயதான பெற்றோரோடு இருப்பவர்கள், அவர்களே வயதாகப் போகிறவர்கள், இதை யோசித்துத்தான் ஆக வேண்டும். தனியாக இருக்கும் எழுபது வயதுத் தம்பதிக்கு வீடு தர யோசிக்கும் ஓனர்கள் நிறைய. காரணத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், "மாடிப்படி ஏற முடியாதுங்களே" என்பார்கள்.

என் அப்பா ரயில்வே. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளியவர். வாசலில் மரம், பின்னால் துணி காயப்போட இடம், சம்பளத்தில் பிடிக்கும் சொற்ப வாடகை. சொந்த வீடு என்ற பேச்சே எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதுதான் அப்பாவும் அம்மாவும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் துடைத்து அந்த ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டை வாங்கினார். முதலீடு என்று பார்த்தால் வருமானம் நிற்கும் வயதில் இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் முடக்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் இன்று அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் மருந்துக்கும் வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் போதுகிறது என்றால், அதில் வாடகை என்ற ஒரு பெரிய பிடித்தம் இல்லாததால்தான். மேலே சொன்ன 20 வருடக் கணக்கில் இது வராது. தவணை ஒரு நாள் முடியும், அப்போது சம்பளமும் முடிந்திருக்கும். வாடகை மட்டும் 5 சதவிகிதம் ஏறிக்கொண்டே இருக்கும்.

நடுவில் ஒத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் லீஸ் என்பார்கள், போக்கியம் என்றும் சொல்வார்கள். எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது எட்டு லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. 12,000 வாடகை போகும் வீட்டுக்கு இது குடித்தனக்காரருக்கு நல்ல லாபம்; எட்டு லட்சத்தை டெபாசிட் போட்டாலும் மாதம் 4,300தான் வரும். ஓனர் ஏன் சம்மதிக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் அவருக்கு எங்கேயோ கடன் இருக்கும். அந்த வீடே வங்கியில் அடமானத்தில் இருக்கும். தவணை நின்று, 2002-ஆம் வருடச் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்போது, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய காகிதத்தைக் காட்டிக்கொண்டு ஒரு குடும்பம் வாசலில் நிற்கும். அப்படி நின்ற ஒரு அம்மாவிடம் நான் பேசியிருக்கிறேன். பெண்ணின் நகைக்கு வைத்திருந்த பணம். ஒத்திக்குப் போகிறவர்கள் முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள்; வங்கியில் பத்திரம் வைத்து அதைப் பதிந்திருந்தால் அதிலேயே தெரியும். ஒத்திப் பத்திரத்தையும் பதிந்துகொள்ளுங்கள். ஓனர் பதிய மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம்.

இனி சொந்த வீட்டுக்காரியாக என் புலம்பல்.

மேடவாக்கத்தில் வாடகை 21,000, அதில் மெயிண்டனன்ஸ் 3,000 போய்விடும். மிச்சம் வருடத்துக்கு 2.16 லட்சம். வீட்டு வரி, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, குழாய், கெய்சர் எல்லாம் போக 1.8 லட்சம் நின்றால் அதிர்ஷ்டம். இன்றைய விலை 65 லட்சம் என்கிறார்கள். மூன்று சதவிகிதத்துக்கும் கீழே. அதனால் வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டாவது ஃபிளாட் வாங்க வருகிறவர்களிடம் நான் ரொம்ப நேரம் பேசுவேன். குடியிருக்க வாங்குவது வேறு விஷயம்.

ஃபிளாட்டில் சொந்தம் என்பதும் ஒரு அளவுக்குத்தான். எங்கள் பத்திரத்தில் பிரிக்கப்படாத மனைப் பாகம், அதாவது யூடிஎஸ், 430 சதுர அடி. விலை ஏறுவது அந்த மண்ணுக்கு. அதற்கு மேலே இருக்கும் 950 சதுர அடிக் கட்டடம் வருடா வருடம் கிழடு தட்டுகிறது. நங்கநல்லூரில் பழைய ஃபிளாட்டுகளை இடித்துக் கட்ட பில்டர்கள் வரும்போது பேச்சு முழுக்க யூடிஎஸ் பற்றித்தான். வாங்கும்போது டைல்ஸைத் தடவிப் பார்க்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. அப்புறம் அசோசியேஷன். ஓனர் ஒருவரிடம் அனுமதி கேட்ட நிலைமை போய், இருபத்து நாலு பேரிடம் கேட்கும் நிலைமை. பால்கனியில் கிரில் போடலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டுப் பாருங்கள், ஜென்மத்துக்கும் மறக்காது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, லாரித் தண்ணீருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதில் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டார் இன்னும் லிஃப்டில் ஒன்றாக ஏறுவதில்லை.

2015 வெள்ளத்தில் நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம். இரண்டாவது மாடி, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கீழே கார் நிறுத்துமிடத்தில் முட்டிக்கு மேல். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே கதை, ஆனால் இந்த முறை அங்கே இருந்தது எங்கள் குடித்தனக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு ஐடி தம்பதி. பொங்கல் முடிந்ததும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ஒரு மினி லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு தாம்பரம் பக்கம் மேட்டுப் பகுதிக்குப் போய்விட்டார்கள். நான் தப்பே சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவர்கள் போன பிறகு அந்தச் சேறு, துருப்பிடித்த மோட்டார், அடுத்த குடித்தனம் கிடைப்பதற்கான வாடகைக் குறைப்பு எல்லாம் என் தலையில். பக்கத்து ஃபிளாட்டைச் சொந்தமாக வாங்கிக் குடியிருக்கும் சார் மழைக்காலம் வந்தால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு வருகிறார். விற்றுவிட்டுப் போகலாமே என்றால், "வெள்ளம் வர்ற ஏரியான்னு தெரிஞ்சு யாரும்மா வாங்குவான்?" என்கிறார்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். அடுத்த ஏழெட்டு வருடம் வேலை, பள்ளி, பெற்றோர் எல்லாம் எங்கே என்று தெளிவாகத் தெரிந்தால், வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்கினால், அந்த ஊர்லயே அந்த வீட்லயே நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். நான் ஃபைல் போடுகிறேன். இதில் எது இடித்தாலும் வாடகைக்கு இருங்கள். யார் என்ன கேட்டாலும் கூச்சப்பட வேண்டாம். ஐம்பது நெருங்கிவிட்டது, இன்னும் வாங்கவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் அவசரப்படுங்கள். பெரிய வீடாக இருக்க வேண்டியதில்லை, தரைத்தளமாக அல்லது லிஃப்ட் உள்ளதாக, ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருந்தால் சரி. எனக்கே 48. மேடவாக்கத்தை விற்று, நங்கநல்லூரிலோ பழவந்தாங்கலிலோ ஒரு சின்ன வீடாகப் பார்க்கலாம் என்று கணவரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். மெட்ரோ ரயில் மேடவாக்கம் வழியாக வந்த பிறகு விற்கலாம் என்பது அவர் கட்சி. மெட்ரோ வரும் வரை விலை கேட்கிறவர்களும் அதையே சொல்லித்தான் காத்திருப்பார்கள் என்பது என் கட்சி.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. ஓனர் அம்மா காபி கொடுத்துவிட்டு 2,000 ஏற்றிக் கேட்பார். விலைவாசியைச் சொல்லி நான் 1,000-இல் நிறுத்தப் பார்ப்பேன். மேடவாக்கம் குடித்தனக்காரத் தம்பிக்கும் அதே மாதம்தான் ஒப்பந்தம் முடிகிறது. அவரிடம் 1,500 கேட்கலாம் என்று இருக்கிறேன். அவரும் விலைவாசியைத்தான் சொல்வார்.